பாதியில் நிற்கும் சிகிச்சை: சிறார் புற்றுநோய் மருத்துவமனைகளும் கொடையின் திசையும்

1. ஆய்வுப்பொருளும் எல்லையும்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வசதி படைத்த நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகள் பலவற்றிலும் 30 விழுக்காட்டுக்குக் கீழேதான். நோய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். சிறார் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் ஆகியவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பவை. காப்புரிமையெல்லாம் என்றோ காலாவதியாகிவிட்டது. பிறகு இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

தாமதமாகக் கண்டறிதல், தவறாகக் கண்டறிதல், மருத்துவமனையை எட்ட முடியாமை, சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல், மருந்தின் நச்சு விளைவால் இறத்தல், நோய் திரும்புதல் என்று உலக சுகாதார நிறுவனம் காரணங்களை அடுக்குகிறது. இவற்றுள் பாதியில் கைவிடுதலையும் நச்சு விளைவு மரணத்தையும் மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. காரணம், அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு வெளியிலிருந்து வரும் உதவி நேரடியாகப் பலன் தரக்கூடிய இடங்கள் இவை இரண்டும். நடைமுறையில் அந்த உதவி குறைவாக வந்து சேரும் இடங்களும் இவையே. கொடை கண்ணுக்குத் தெரிவதை நோக்கிப் போகிறது. குழந்தையைக் காப்பாற்றுவதோ இரண்டு, மூன்று ஆண்டுகள் விடாமல் நடக்க வேண்டிய, கண்ணுக்குத் தெரியாத வேலை. இந்த முரண்பாடே நம் ஆய்வுப்பொருள்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் முதன்மைச் சான்று. பாஸ்டனும் மெம்பிஸும் ஒப்பீட்டுக்கு. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைப் பற்றி ஓரிடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. கொடையில் பிறந்த துறை

2.1 பாஸ்டன்

சிறார் புற்றுநோய் மருத்துவத்தின் தொடக்கக் கதையில் நன்கொடையையும் அறிவியலையும் பிரித்துப் பார்க்க முடியாது. 1947இன் இறுதியில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதற்குமுன் அந்த நோய்க்கு மருந்து என்று எதுவுமே இருந்ததில்லை. அமினோப்டெரின் வந்தது லெடர்லி ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். இன்று சென்னையின் ஏதோ ஒரு வார்டில் ஒரு குழந்தையின் முதுகுத்தண்டில் ஏறும் மெத்தோட்ரெக்சேட்டும் அந்த ஆய்வு வரிசையில் வந்ததே. சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். தம் மருந்தின் முழுப் பயனை அவர் பார்க்கவில்லை.

ஃபார்பருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1948 மே 22 அன்று ஒரு வானொலி நிகழ்ச்சி, மருத்துவமனைப் படுக்கையில் இருந்த ஒரு சிறுவனை நாட்டுக்கே அறிமுகப்படுத்தியது. அவன் பேஸ்பால் பைத்தியம். தனக்குப் பிடித்த அணியின் ஆட்டங்களைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கேட்டான். நிகழ்ச்சி கேட்டது 20,000 டாலர். வந்து சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கும் மேல். அந்த நிதி அவன் பெயரால் ‘ஜிம்மி நிதி’ ஆயிற்று. ஆனால் ஜிம்மி அவனுடைய உண்மைப் பெயர் அல்ல. ஐநார் கஸ்டாஃப்சன் என்ற பெயரை மருத்துவமனை வேண்டுமென்றே மறைத்தது. குணமாகி, வளர்ந்து, தன் பாட்டுக்கு வாழ்ந்துவந்த அவரே ஜிம்மி என்பது 1998இல்தான் உலகுக்குத் தெரிந்தது. பணம் திரட்டுவதற்கு ஒரு குழந்தையின் கதை உதவியது. அந்தக் குழந்தையின் அடையாளம் தேவைப்படவில்லை. இந்த நுணுக்கத்துக்கு 4.2இல் திரும்ப வருவோம்.

2.2 மெம்பிஸ்

லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், 1957இல் நிதி திரட்டுவதற்கென்றே ஓர் அமைப்பைத் தனியாகத் தொடங்கினார். 1962 பிப்ரவரி 4 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி செய்த தென்மாநில நகரம் அது. அங்கே கறுப்பினக் குழந்தையும் வெள்ளையினக் குழந்தையும் ஒரே வார்டில் படுத்திருந்தார்கள். சிகிச்சைக்கான பில் எந்தக் குடும்பத்துக்கும் போவதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே கொள்கை.

அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல் மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பலவற்றைச் சேர்த்து, தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் சிகிச்சை நடத்தினார். 1970களின் தொடக்கத்தில், சிறார் ரத்தப் புற்றுநோயாளிகளில் பாதிப் பேரைக் குணப்படுத்த முடியும் என்று அவரால் அறிவிக்க முடிந்தது. அந்த மருத்துவமனை திறந்தபோது அமெரிக்காவில் அந்நோயில் தப்பியவர்கள் 4 விழுக்காடு. இன்று 94 விழுக்காடு என்கிறது அதே மருத்துவமனை. ‘விடாமல்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிங்கெலுடைய முறை வெற்றிபெற, குழந்தை மூன்றாண்டு காலம் மருத்துவமனையின் பிடியில் இருக்க வேண்டும். பில் இல்லாததால் அது முடிந்தது. சலுகை என்று நாம் நினைக்கும் ஒன்று உண்மையில் சிகிச்சை முறையின் ஓர் உறுப்பு.

இந்த மாதிரிக்கும் குறை உண்டு. 2021இல் ‘புரோபப்ளிகா’ என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம், மருத்துவமனையின் கையிருப்பு பல நூறு கோடி டாலராக வளர்ந்திருக்க, குடும்பங்கள் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் வேலையிழப்புக்கும் கையைக் கடித்துக்கொள்வதை எழுதியது. அதன்பின் குடும்பங்களுக்கான உதவியை மருத்துவமனை விரிவுபடுத்தியது. உலகிலேயே நன்கொடை திரட்டுவதில் கைதேர்ந்த மருத்துவமனைக்கே வார்டுக்கு வெளியே இருக்கும் செலவு கண்ணில் படாமல் போயிருக்கிறதென்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

2.3 அடையாறு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சட்டமன்றமும் அவ்வை இல்லமும் அவர் பெயரைச் சொல்லும் அளவுக்கு அடையாறு மருத்துவமனையும் சொல்ல வேண்டும். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு நிலையம் இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், அரசு வேலை கிடைத்தும் அதற்குப் போகாமல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைக் கட்டியெழுப்பினார்கள். சாந்தா 2021 ஜனவரி 19 அன்று மறையும்வரை நிலைய வளாகத்திலேயே குடியிருந்தார். 2005இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் ஆய்வுக்கு முக்கியமானவை இரண்டு செய்திகள். முதலாவது, 1960இலேயே அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு உருவானது. நாட்டில் இதுவே முதல். குழந்தைப் புற்றுநோய் என்றாலே கைவிரித்துவிடும் காலம் அது. இரண்டாவது, 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய ‘எம்சிபி 841’ என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முறை. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் இதில் இணைந்தன. இங்கே எளிதில் கிடைக்கும் மருந்துகளைக் கொண்டு, இங்கே இருக்கும் ரத்த வங்கியும் படுக்கையும் தாங்கும் அளவுக்கு வகுத்த முறை அது. அதற்குமுன் 20 விழுக்காட்டை ஒட்டி இருந்த பிழைப்பு விகிதம் 1990களில் பாதியை எட்டியது. தொற்றால் இறந்த குழந்தைகள் மேலைநாடுகளைவிடக் கூடுதலாகவே இருந்தார்கள். ஆனாலும், புதிய மருந்து எதுவும் இல்லாமல், ஒழுங்கையும் தொடர்ச்சியையும் மட்டுமே வைத்து இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திக் காட்டிய சான்று இது. பிரமாண்டமான கருவிகளின் திறப்பு விழாப் படங்களுக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

3. சிகிச்சை எங்கே அறுகிறது

3.1 நன்றாகிவிட்டதுபோல் தோன்றும் மாதம்

ரத்தப் புற்றுநோயோடு வரும் குழந்தைக்கு முதல் நான்கைந்து வாரச் சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் நுண்ணோக்கியில் நோய் தெரியாத நிலை வந்துவிடுகிறது. காய்ச்சல் விட்டிருக்கும், வெளிறிப்போன முகத்தில் ரத்தம் ஊறியிருக்கும், ஸ்டீராய்டு கொடுத்ததால் பசி எடுத்துக் கன்னம் உப்பியிருக்கும். பிள்ளை ஓடியாடுகிறது. ஊரில் மூத்த பிள்ளை பாட்டி வீட்டில். வயலோ பட்டறையோ பூட்டிக் கிடக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டுகள் மருந்து சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு இவ்வளவு ஊசி என்று ஊரில் கேட்கிறார்கள்.

சிகிச்சை அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில். கைவிடும் பெற்றோரை அறியாமை என்று திட்டித் தீர்ப்பது எளிது. அவர்கள் போடும் கணக்கில் தவறில்லை. கணக்கில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத நோய் உடம்பில் மிச்சமிருக்கிறது, மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களில் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், இரண்டாம் முறை வெல்வது மிகக் கடினம் என்பதை அவர்கள் மொழியில், அவர்கள் கேட்கும்வரை, திரும்பத் திரும்பச் சொல்ல ஒருவர் வேண்டும். மருத்துவருக்கு நேரமில்லை. இது மருத்துவ சமூகப் பணியாளரின் வேலை. குறித்த நாளில் வராத குடும்பத்துக்கு அன்று மாலையே ஃபோன் போடுவதும், எண் அணைந்திருந்தால் பக்கத்து வீட்டு எண்ணுக்கோ கிராம செவிலியருக்கோ பேசுவதும் அவர் வேலைதான்.

டாட்டா நினைவு மருத்துவமனையின் சிறார் பிரிவு 2010 வாக்கில் இப்படியொரு ஏற்பாட்டை முறைப்படுத்தியது: ஆலோசனை, தங்குமிடம், உணவு, நிதி, வராதவர்களைத் தேடிப் பிடித்தல் எல்லாம் ஒரே குடையின்கீழ். ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையை மறுத்தோ பாதியில் விட்டோ போய்க்கொண்டிருந்த நிலை, சில ஆண்டுகளில் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. எந்தப் புதிய மருந்தும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயிர்களைக் காக்காது.

வாசலுக்கே வராமல் போகும் குழந்தைகளும் உண்டு. இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளில் சிறுமிகளின் பங்கு எதிர்பார்க்க வேண்டியதைவிடக் குறைவு. வடக்கே இந்த இடைவெளி பெரிது, தெற்கே சிறிது. நோய் ஆண்பிள்ளைகளைச் சற்றுக் கூடுதலாகத் தாக்குவது உண்மைதான் என்றாலும் அந்தக் கூடுதலைக் கொண்டு மட்டும் இந்த இடைவெளியை விளக்க முடியாது. சிகிச்சை முழுக்க இலவசமான இடத்தில்கூட அழைத்து வரப்படாத பெண்பிள்ளைக்கு மருத்துவமனைக்குக் கொடுக்கும் கொடையால் பயனில்லை; அது வேறு ஆய்வு.

3.2 தங்குவதும் உண்பதும்

‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்பது இந்த வார்டுகளில் தாய்மார்கள் தினமும் சொல்லும் வாக்கியம். கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போகும். அந்த நாட்களில் காய்ச்சல் கண்டால் சில மணி நேரத்துக்குள் நரம்புவழி ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். காய்ச்சல் அதுவரை காத்திருக்காது. எனவே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது சௌகரியத்துக்காக அல்ல, உயிருக்காக.

பக்கத்தில் தங்குவதற்கு நகரத்து வாடகை கொடுத்து மாளாது. நடைபாதையிலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் படுத்தால் கொசுவும் கழிப்பறைத் தொற்றும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2006இல் மும்பையில் செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் இல்லங்கள் தொடங்கின. மெம்பிஸ் மருத்துவமனையோடு தொடர்பில்லாத தனி அமைப்பு இது. பின்னர் சென்னைக்கும் வேலூருக்கும் வந்தது. குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுச் சமையலறையில் ஆளுக்கோர் அடுப்பு, கொதிக்கவைத்த தண்ணீர், வாராந்திர மளிகை. தாயே சமைப்பதால் குழந்தை நாலு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறது. வாய்ப்புண்ணால் இட்லியைக்கூட விழுங்க முடியாத குழந்தைக்கு எதை, எந்தச் சூட்டில், எவ்வளவு கரைத்துக் கொடுப்பது என்று தாய்க்குத்தான் தெரியும்; கேன்டீனுக்குத் தெரியாது.

உணவைக் கருணைக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. எடை குறைந்த குழந்தைக்குக் கீமோவின் நச்சு விளைவு கூடுகிறது, தொற்று கூடுகிறது, மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேர்கிறது. தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குக் கிடைக்கும் அவகாசம். முட்டை, பால், கடலை, சுண்டல் ஆகியவையும் மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டியவைதாம்.

3.3 பிளேட்லெட்

பணத்தால் மட்டும் வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் கருவியில் வைக்க வேண்டும்; ஐந்து நாள் ஆனால் எறிந்துவிட வேண்டியதுதான். கீமோவில் இருக்கும் குழந்தைக்கு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிந்தால், மூளையில் கசிவதற்குள் பிளேட்லெட் ஏற வேண்டும்.

நம் ஊரில் ரத்ததான முகாம்களுக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் 15, தலைவர்களின் பிறந்தநாள், நடிகர்களின் படம் வெளியாகும் நாள் என்று நூற்றுக்கணக்கில் வந்து கொடுக்கிறார்கள். அன்றைய பிளேட்லெட்டில் ஒரு பகுதி ஐந்தாம் நாள் குப்பைக்குப் போகும். கல்லூரிகள் மூடிக்கிடக்கும் மே மாதத்தில் ஒரு யூனிட்டுக்காகத் தகப்பன் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று கெஞ்சுவார். ஐந்நூறு பேர் ஒரே நாளில் கொடுப்பதைவிட, ஐம்பது பேர் முறைவைத்து, ரத்த வங்கி கூப்பிடும் நாளில் வந்து இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் கை நீட்டிப் பிளேட்லெட் மட்டும் கொடுப்பது குழந்தைகள் வார்டுக்குப் பல மடங்கு பயன் தரும். இவர்களுக்கு மாலை போடவோ ஃபிளக்ஸ் வைக்கவோ வாய்ப்பில்லை என்பதாலோ என்னவோ, இந்த ஐம்பது பேர் கிடைப்பதுதான் கடினம்.

3.4 செவிலியரின் கை

ஒரே காலையில் ஒரே குழந்தைக்கு இரண்டு ஊசிகள் இருக்கும். வின்கிறிஸ்டின் நரம்பில் ஏற வேண்டும். மெத்தோட்ரெக்சேட் முதுகுத்தண்டில் ஏற வேண்டும். மாறி, வின்கிறிஸ்டின் முதுகுத்தண்டுக்குப் போய்விட்டால் அநேகமாகக் குழந்தை இறந்துவிடும். உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய சலைன் பையில் கலந்தே கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது இதனால்தான். பையை முதுகுத்தண்டு ஊசியில் யாரும் தவறிக்கூட மாட்ட மாட்டார்கள்.

ஆக, சிறார் புற்றுநோய் வார்டில் செவிலியர் என்பவர் பயிற்சியும் அனுபவமும் சேர்ந்த ஓர் ஆள். அறக்கட்டளை மருத்துவமனை தரும் சம்பளத்தில் அவர் இரண்டு ஆண்டுகள் கற்றுக்கொண்டு வளைகுடாவுக்கோ அயர்லாந்துக்கோ போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் தங்குவதற்கான சம்பள வித்தியாசத்தை ஏற்கும் கொடையாளர் எத்தனை பேர்? செவிலியர் சம்பளம் என்றதும் ‘அது நிர்வாகச் செலவாச்சே’ என்று முகம் சுளிப்பவர்களே அதிகம்.

4. கொடையின் வகைகள்: ஒரு மதிப்பீடு

4.1 கட்டிடமும் கருவியும்

கட்டிடம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. 2011இல் இலங்கையின் தென்முனையான தெவுந்தரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர், 27 நாட்கள், ஒரு நடைப்பயணம் நடந்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதியில் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதுவரை வடபகுதி நோயாளி கொழும்பை அடுத்த மகரகமவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவான இந்த எடுத்துக்காட்டை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்தத் திட்டத்தின் அமைப்பு: கட்டியது மக்கள் பணம், ஆள் போட்டு நடத்துவது அரசு. நடத்துவதற்கு ஒரு கை உறுதியாக இருந்தால் கட்டிடக் கொடை நல்ல கொடை. நடத்த ஆளில்லாத இடத்தில் கொடையாளர் பெயர் பொறித்த புதிய வார்டு, பழைய வார்டின் செவிலியர்களை இரண்டாகப் பிரித்துவிடும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மருத்துவமனைகளுக்கு இது பெரிய வரவு. ஆனால் அந்தப் பணத்துக்குத் திட்ட அறிக்கை, காலவரை, முடிவுத் தேதி, படம் எல்லாம் வேண்டும். அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்க்கும் தொகையை 2021 ஜனவரிக்குப் பிறகு இந்தக் கணக்கில் காட்டவும் முடியாது. எனவே நிறுவனப் பணம் இயற்கையாகவே கருவிகளின் பக்கம் சாய்கிறது. சம்பளமும் மளிகையும் மூலநிதியும் தனிமனிதர்கள் தரும் சிறு தொகைகளை நம்பியே இருக்கின்றன. மாதம் 500 ரூபாய் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக்கொடுக்கும் ஒருவர், ‘எதற்கு வேண்டுமானாலும் செலவிடுங்கள்’ என்றும் சொன்னால், மருத்துவமனையின் பார்வையில் அவர் அபூர்வமான கொடையாளர்.

4.2 பெயர் சொல்லிக் கேட்கும் பணம்

கைப்பேசியில் திடீரென எழும் விளம்பரங்களைப் பார்க்காதவர் இல்லை: மூக்கில் குழாய், மொட்டைத் தலை, அழும் தாய், எத்தனை லட்சம் தேவை என்ற எண். இவற்றில் உண்மையான தேவை உள்ளவையும் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வேறு வழியில்லாத குடும்பம் என்ன செய்யும்? இருந்தாலும் இந்த முறைக்கு எதிராக மூன்று காரணங்கள் உள்ளன. அழகாகவும் சிறியதாகவும் இருக்கும் குழந்தைக்குப் பணம் சேர்கிறது. பதினாலு வயதில் காலில் கட்டியோடு நிற்கும் பையனுக்குச் சேர்வதில்லை. இந்தக் குழந்தைக்கு வந்த பணம் தேவைக்கு மேல் போனாலும் பக்கத்துப் படுக்கைக்குப் போகாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் குழந்தை பிழைக்கும். பிழைத்து, இருபத்தைந்து வயதில் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போய் நிற்கும்போது, அந்தப் படம் இணையத்தில் தேடினால் கிடைக்கும். நம் சமூகத்தில் வரன் பார்ப்பவர்கள் எதையெல்லாம் தேடுவார்கள் என்று தெரியாதவர் யார்? பெண்ணென்றால் சொல்லவே வேண்டாம். 1948இல் பாஸ்டன் மருத்துவமனைக்கு இருந்த யோசனை இன்றைய விளம்பரக்காரர்களுக்கு இல்லை.

4.3 காப்பீடு வந்தபின்

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கி 2012இல் விரிவான வடிவம் பெற்ற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சையே இலவசம். ‘அரசே கொடுக்கிறதே, பிறகு நன்கொடை எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானது.

காப்பீடு தொகுப்புக் கட்டணத்தை மருத்துவமனைக்குத் தருகிறது. தாயின் கூலி இழப்பை, பேருந்துச் செலவை, அறை வாடகையை, பாலை அது தருவதில்லை. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகை. அதற்கான படிவத்தை நிரப்பி முத்திரை வாங்கித்தர ஒருவர் வேண்டும். காப்பீடு வந்ததால் கொடையின் தேவை இடம் மாறியிருக்கிறது, மறையவில்லை. மருந்துக்கென்று கொடுத்தவர் இனிச் சிகிச்சையைச் சுற்றியுள்ள செலவுக்குக் கொடுக்கலாம்.

மருந்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான அஸ்பராஜினேஸ் என்ற ஊசியின் மலிவான தயாரிப்புகள் சிலவற்றில் மருந்தின் வீரியம் போதவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கு வாங்கும் மருத்துவமனை தன்னையறியாமலே தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கக்கூடும். தரமான தயாரிப்புக்கும் மலிவான தயாரிப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஏற்பது, விளம்பரமில்லாத, மிகக் கூர்மையான உதவி. உலக சுகாதார நிறுவனமும் மெம்பிஸ் மருத்துவமனையும் 2021இல் அறிவித்த மருந்து வழங்கல் திட்டத்தின் நோக்கங்களில் தரமும் ஒன்று.

4.4 அன்னதானம், பிறந்தநாள், கூந்தல்

நம்மவர்கள் கொடுப்பதற்குச் சளைத்தவர்கள் அல்லர். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போடுவது ரத்தத்தில் ஊறியது. ஆனால் கவுண்ட் இறங்கிய குழந்தைகளின் வார்டுக்குள் முப்பது பேர் கேக்கோடு நுழைவது, அவர்களில் ஒருவரின் சளியைக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக முடியலாம். வெளியில் சமைத்த பிரியாணிப் பொட்டலமும் அப்படியே. அதே தொகைக்குத் தங்குமிடச் சமையலறையில் ஒரு மாத முட்டையும் பாலும் வாங்கிவிடலாம். புண்ணியத்தில் குறைவு வராது.

விக் செய்யக் கூந்தல் தருவது கல்லூரிகளில் பரவியிருக்கிறது. பதின்வயதுப் பெண்ணுக்கு விக் அற்பமான விஷயமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூந்தல் கொடுத்த கையோடு பிளேட்லெட் பட்டியலிலும் பெயர் கொடுத்தால் நன்று.

5. கொடையாளர் கேட்க வேண்டியவை

தணிக்கை செய்த கணக்கும் வருமான வரி விலக்குச் சான்றும் உண்டா என்பது தொடக்கக் கேள்வி. அதோடு நின்றுவிடக் கூடாது. ‘சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தீர்கள்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது: அவர்களில் எத்தனை பேர் பாதியில் போனார்கள்? நோயால் அல்லாமல் தொற்றால் எத்தனை பேர் இறந்தார்கள்? வராதவரைத் தேட ஆள் இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு எண்ணோடு பதில் சொல்லும் மருத்துவமனை, அந்த எண் சங்கடமானதாக இருந்தாலும், நம்பத்தக்கது. எங்களிடம் கைவிடுதலே இல்லை என்று சொல்லும் இடத்தில் எண்ணுவதற்கு ஆள் இல்லை என்றே பொருள் கொள்ள வேண்டும். பதிவேடு எழுதுபவரின் சம்பளமும் உயிர்காக்கும் செலவுதான். 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இல்லையென்றால், இந்நகரில் எந்த வயதில் எந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதைக்கூட நம்மால் சொல்ல முடியாது.

6. குணமாகாதவர்களும் குணமானவர்களும்

வெற்றிக்கதைகளையே கேட்டுப் பழகிய கொடையுலகம், குணமாகாத குழந்தையைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது. வலி தணிக்கும் வாய்வழி மார்ஃபின் விலை மலிவானது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடிகளால் பல பத்தாண்டுகள் அது நோயாளிகளுக்கு எட்டாமல் இருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதாயிற்று. இப்போது குறை மருந்தில் மட்டும் இல்லை, வீட்டுக்குப் போய் அளவு சொல்லிக்கொடுக்கும் செவிலியரிலும் அவர் ஏறிச்செல்லும் வண்டியிலும் இருக்கிறது. கடைசி வாரங்களை ஊரில் தன் வீட்டில் கழிக்க விரும்பும் குழந்தைக்கு இந்த ஏற்பாடு வேண்டும். சிகிச்சை தோற்ற குழந்தையின் பெற்றோரை மருத்துவமனை எப்படி அனுப்பிவைத்தது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கும்போது அதே மருத்துவமனைக்குப் போவதா, மந்திரிப்பவரிடம் போவதா என்பதை அந்த நினைவுதான் முடிவு செய்கிறது.

குணமானவர்களைப் பற்றியும் பேச்சு குறைவு. வார்டில் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லப்படும் டாக்சோரூபிசின் போன்றவை பல ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். பெண்ணாக இருந்தால் பிரசவ காலத்தில் அது வெளிப்படலாம். தலையில் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்ட குழந்தைக்குப் படிப்பில் பின்னடைவும் வளர்ச்சிக் குறைவும் நேரலாம். ஆகவே குணமானவர் என்ன மருந்து, எவ்வளவு வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். குறித்த இடைவெளியில் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். இரண்டாண்டு விட்டுப்போன படிப்பைத் தொடரப் பள்ளியோடு பேச வேண்டும். இதற்கு வாரம் ஒரு நாள் ஒரு மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு எக்கோ கருவியின் சில மணி நேரம் போதும். குணமானவர்களுக்கான இந்தத் தனிக் கிளினிக்கை நடத்தும் இடங்கள் சில இருக்கின்றன. வேறு ஊருக்கு வேலைக்குப் போய், ஃபோன் எண் மாறி, தாங்கள் பார்க்க வர வேண்டியவர்கள் என்பதையே அறியாத இளைஞர்கள் அங்கேயும் பட்டியலில் பெயர்களாக மட்டும் நிற்கிறார்கள்.